பாவித்த ஸ்போர்ட்ஸ் செடான்: திருகோணமலையில் தினமும் ஓட்ட எது பொருந்தும்?

திருகோணமலையில் பாவித்த கார் ஒன்று வாங்கப்போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், பிரிமியோ அல்லது அலியன் எடுங்கள் என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். அந்த அறிவுரையில் குறை காண எதுவுமில்லை. 2021ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்பட்ட பிறகும் அவ்விரு கார்களும் விலை இறங்காமல் நிற்பதற்கும், எந்தச் சந்தியிலுள்ள கராஜிலும் அவற்றின் வேலை தெரிந்தவர் இருப்பதற்கும் தக்க காரணங்கள் உண்டு. ஆனால் வேலைக்குப் போகவும் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கவும் அதே காரைப் பாவித்துக்கொண்டு, அதை ஓட்டுவதிலும் மகிழ்ச்சி காண விரும்புகிறவருக்கு அவை போதாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்கள் வீதியில் எதை உணர்கின்றன என்பது அவருடைய கைகளுக்குத் தெரியவேண்டும். அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்து, இலங்கைச் சந்தையில் தேடினால் கிடைக்கக்கூடிய நான்கு செடான்களை ஒரே வீதிகளில் ஓட்டிப் பார்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்: பிஎம்டபிள்யூ 320ஐ (ஈ90), பிஎம்டபிள்யூ 318ஐ (எஃப்30), ஹொண்டா சிவிக் (எஃப்டி), மஸ்டா அக்செலா 1.5. அடைப்புக்குள் இருப்பவை அந்தந்தக் காரின் தலைமுறையைக் குறிக்கும் குறியீடுகள்.

சந்தை நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் பத்துப் பதினைந்து வயதான கார்களுக்கும் இன்று பெரிய தொகை கேட்கிறார்கள். எஞ்சின் கொள்ளளவை வைத்துத் தீர்வை அறவிடப்படுவதால், பெரிய எஞ்சின் கொண்ட ஸ்போர்ட்ஸ் செடான்கள் இங்கு அரிது. வெளிநாட்டு மதிப்பீடுகளில் புகழப்படும் ஆறு சிலிண்டர் கார்களைத் தேடி ஏமாறுவதைவிட, இங்கு உள்ள 1.5, 1.6, 1.8, 2.0 லீற்றர் கார்களில் நல்ல சேசிஸ் (உடற்சட்டமும் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பும்) உள்ளதைத் தேடுவதே பயன் தரும்.

அதிலும் நமது வீதிகளுக்குக் குதிரைவலு கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. நகரத்துக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ஏ6 வீதி நேராகவும் செப்பனாகவும் கிடந்தாலும், மாலையானால் யானை கடக்கும் காட்டுவழி அது. தம்பலகாமம் பக்கம் மாடுகள், நகரத்துக்குள் புள்ளிமான்கள். 250 குதிரைவலுவை இந்த வீதிகளில் பாவிக்கும் இடமே இல்லை. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வளைவுக்குள் நுழையும்போது கார் எப்படிச் சாய்கிறது, பிறேக் மிதி எவ்வளவு உறுதியாக நிற்கிறது, கிண்ணியாப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது உடல் எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பவையே ஒவ்வொரு நாளும் நமக்குக் கிடைக்கும் இன்பங்கள். இவற்றைக் கொடுக்கிற காரே இங்கு ஸ்போர்ட்ஸ் செடான்.

முதலில் ஈ90. 2005இல் தொடங்கி 2011 வரை செடானாக வந்த இந்த 3 சீரிஸில், இங்கு காணக்கூடியது 2.0 லீற்றர் என்46 எஞ்சின் கொண்ட 320ஐ. ஏறத்தாழ 150 குதிரைவலு, 200 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, டர்போ இல்லை. எண்களைப் பார்த்தால் இன்றைய சிறிய டர்போ கார்களே இதை முந்திவிடும். ஆனால் உவர்மலை ஏற்றத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நான் ஓட்டிப் பார்த்த காரில் இருந்தது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங். வீதியின் சொரசொரப்பு, சக்கரத்தின் பிடி, அந்தப் பிடி தளரப்போகும் கணம் எல்லாம் விரல்களுக்கு வந்து சேர்ந்தன. எடை முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்திருப்பதாலும், உந்துவிசை பின்சக்கரங்களுக்குப் போவதாலும், வளைவின் நடுவில் பெற்றோலை மெல்ல அழுத்தினால் கார் தானாகவே கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. இந்த நான்கில் ஓட்டுநருக்கு அதிகம் கொடுப்பது ஈ90தான் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கையில் எடுத்த பிறகு அது கேட்பதும் அதிகம். என்46 எஞ்சினில் வால்வு மூடியின் கஸ்கற் வழியாக எண்ணெய் கசிவது வழமை. வெற்றிடப் பம்பிலும் கசியும். வால்வு சீல்கள் காய்ந்துவிட்டால் எண்ணெய் எரியத் தொடங்கும். அதைக் கண்டுபிடிக்க எந்த ஸ்கேனரும் தேவையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பத்து நிமிடம் வரை சும்மா ஓடவிட்டு, ஒருவரைப் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு பெற்றோலை ஒரேயடியாக அழுத்துங்கள். நீலப்புகை மொத்தமாக வந்தால் சீல் போய்விட்டது. விற்பவர் அவசரப்பட்டு எஞ்சினை நிறுத்த வந்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் சங்கிலியின் பிளாஸ்ரிக் வழிகாட்டிகளும் வயதோடு உடையக்கூடியவை. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது சலசலப்புக் கேட்டால் விலகிவிடுவது நல்லது. விலை மலிவாக இருக்கிறதே என்று டீசல் 320டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2007 முதல் 2011 வரையான என்47 டீசல் எஞ்சினில் சங்கிலி கியர்பெட்டிப் பக்கமாக, எஞ்சினின் பின்னால் இருக்கிறது. அது கெட்டால் எஞ்சினையோ கியர்பெட்டியையோ கழற்றாமல் வேலை நடக்காது.

ஈ90இல் மேலதிகச் சக்கரம் பொதுவாக வராது. காற்றிறங்கினாலும் ஓடக்கூடிய கடினமான டயர்களோடு வந்த கார் அது. பெரும்பாலானோர் அவற்றைக் கழற்றிச் சாதாரண டயர் போட்டுவிடுகிறார்கள். சவாரி மென்மையாகிறது, எனக்கும் அதுவே விருப்பம். ஆனால் அதற்குப் பிறகு கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பங்சரானால் கையில் எதுவும் இருக்காது. காற்றடிக்கும் சிறிய பம்பும், சாமான் பெட்டியில் ஒரு மேலதிகச் சக்கரமும் இல்லாமல் அந்தக் காரில் இரவுப் பயணம் போகக்கூடாது.

எஃப்30 வேறு குணமுள்ளது. 2015இன் மாற்றங்களுக்குப் பிறகு வந்த 318ஐயில் மூன்று சிலிண்டர் 1.5 லீற்றர் டர்போ எஞ்சின். 136 குதிரைவலு, 220 நியூட்டன் மீற்றர். மூன்று சிலிண்டரா என்று முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். தாழ்ந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதால், கந்தளாய் வீதியில் லொறியைத் தாண்டுவதற்கு எஞ்சினை விரட்டத் தேவையில்லை. அதோடு வரும் எட்டுக் கியர் தானியங்கிப் பெட்டி இந்த நான்கு கார்களிலும் மிகச் சிறந்தது: நகரத்தில் மாறுவதே தெரியாது, அவசரமாகக் கேட்டால் உடனே இறங்கும். குடும்பமாகக் கொழும்புக்குப் போய்வர இதைவிட வசதியான ஒன்று இந்தப் பட்டியலில் இல்லை. குறை ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது. மின்மோட்டார் உதவியோடு இயங்கும் அது துல்லியமாகத் திரும்புகிறது, ஆனால் பேசுவதில்லை. ஈ90இலிருந்து இறங்கி இதில் ஏறுவது, கையுறை போட்டுக்கொண்டு சோறு பிசைவதைப் போன்றது.

வாங்குகிறவர் கவனிக்கவேண்டியது எஞ்சினைவிடக் கியர்பெட்டி எண்ணெயை. அது வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று சொல்லப்படுவதை நம்பி மாற்றாமல் விடுகிறார்கள். அந்தப் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே குறிப்பிட்ட தூரத்துக்குப் பிறகு மாற்றச் சொல்கிறது. நமது வெப்பத்தில் அதைத் தள்ளிப்போடக்கூடாது. 2.0 லீற்றர் 320ஐ எஃப்30 கண்ணில் பட்டால், 2015க்கு முந்திய என்20 எஞ்சினில் சங்கிலி வழிகாட்டி தேய்ந்து உடைவது பரவலாக அறியப்பட்ட குறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பதிவு ஆண்டை விட்டுவிட்டு உற்பத்தி ஆண்டைப் பாருங்கள்.

சிவிக் எஃப்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2005 தொடக்கம் 2011 வரை வந்த எட்டாம் தலைமுறை சிவிக் இது. 1.8 லீற்றர் எஞ்சினில் 140 குதிரைவலு, 1.6இல் 125. தாழ்வான இருக்கை, இரண்டு அடுக்காக அமைந்த டாஷ்போட், மேலடுக்கில் கண்ணுக்கு நேராக வேகத்தைக் காட்டும் எண்கள். உட்கார்ந்தவுடனேயே இது வேறு மாதிரியான கார் என்று தெரிந்துவிடும். பின்புறத் தொங்கலமைப்பு (சஸ்பென்ஷன்) இரட்டைக் கைகள் கொண்ட தனித்தனி அமைப்பு; இந்த விலைக்கு வரும் பிற முன்சக்கர உந்துகைக் கார்கள் பலவற்றில் இருப்பது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் வெறும் முறுக்குக் கட்டை. நிலாவெளி வீதியில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அந்த வேறுபாடு முதுகுக்குத் தெரிகிறது: சிவிக்கின் மற்றப் பக்கம் அசையாமல் தன் வழியில் போகிறது. எஞ்சின் 4000 சுழற்சிக்கு மேல் முகம் மலர்ந்து ஓடும். கைக் கியர் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். ஐந்து கியர் தானியங்கியும் சிவிடி (படிகளான கியர் இல்லாத பட்டி வகை) அல்லாத உண்மையான கியர்பெட்டி என்பதால், சொன்னதைக் கேட்கும்.

இதன் நோய்களும் தெரிந்தவையே. 2006 முதல் 2009இன் தொடக்கம் வரையான 1.8 எஞ்சின்கள் சிலவற்றில் எஞ்சின் பிளொக் வெடித்துக் கூலன்ட் கசிந்தது. ஆகவே குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட் அளவைப் பார்த்து, டோர்ச் வெளிச்சத்தில் பிளொக்கின் மேற்பரப்பில் காய்ந்த கறை உண்டா என்று தேடவேண்டும். எஞ்சின் மவுண்ட் தேய்ந்திருந்தால், ஏசி போட்டு டி கியரில் நிறுத்தி வைத்திருக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். பின் டயர்களின் உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தால் பின்புறக் கைகளின் கோணம் பிழைத்திருக்கிறது. மவுண்டும் டயர் தேய்வும் செலவு கூடிய வேலைகள் அல்ல, பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். பிளொக் மட்டும் அப்படியல்ல, அதில் சந்தேகம் இருந்தால் காரையே விட்டுவிடவேண்டும்.

நான்காவது அக்செலா. 2013க்குப் பிந்திய மூன்றாம் தலைமுறையில் 1.5 லீற்றர் எஞ்சின் 111 குதிரைவலுதான் தருகிறது, அதை மறைத்துப் பயனில்லை. ஏற்றத்தில் நான்கு பேரோடு போனால் தெரியும். ஆனால் முறையான ஆறு கியர் தானியங்கி, பின்புறத்தில் பல கைகள் கொண்ட தனித்தனித் தொங்கலமைப்பு, கைக்கு இயல்பாகப் பாரம் கூடும் ஸ்டியரிங் ஆகியவை சேர்ந்து, இந்தக் காரை எண்கள் சொல்வதைவிட மிக உயர்த்திவிடுகின்றன. 2016க்குப் பிறகு வந்தவற்றில், ஸ்டியரிங் திரும்பும் கணத்தில் எஞ்சினின் விசையைச் சிறிதளவு குறைத்து முன்சக்கரத்துக்குப் பாரம் ஏற்றும் ஏற்பாடும் இருக்கிறது. மாத்தளை தாண்டிக் கண்டிக்குப் போகும் வளைவுகளில் ஸ்டியரிங்கை அடிக்கடி திருத்தவேண்டிய தேவை குறைவதை உணரலாம். பொதுவாக உயர் ஒக்டேன் பெற்றோல் கேட்கும் அளவுக்கு அமுக்க விகிதம் 14:1 என உயர்வாக இருந்தும் ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்காகவே இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்டது. 95 ஒக்டேன் எல்லா நிலையங்களிலும் எந்நேரமும் கிடைக்காத ஊரில் இது சிறிய விடயம் அல்ல.

அக்செலா செடானைத் தேடும்போது ஹைபிரிட் வகையும் கலந்து வரும். டொயோட்டாவின் ஹைபிரிட் தொகுதியைக் கொண்ட அது எரிபொருள் சேமிக்கும், ஆனால் மிதிக்கும் இழுவைக்கும் இடையிலுள்ள நேரடித் தொடர்பு அதில் இல்லை. ஓட்டுவதற்காக வாங்குகிறவர் அதை எடுக்கவேண்டாம். நிற்கும்போது எஞ்சினைத் தானாக நிறுத்தும் வசதியுள்ள கார்களுக்குச் சிறப்பு பற்றரி தேவை. முன்னைய உரிமையாளர் மலிவான பற்றரி போட்டிருக்கிறாரா என்று போனட்டைத் திறந்து பார்த்தால், அவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பதற்கும் சேர்த்து விடை கிடைக்கும்.

இவற்றுக்கு வெளியே சில பெயர்கள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. பத்தாம் தலைமுறை சிவிக்கின் 1.0 டர்போ உற்சாகமான எஞ்சின்தான். ஆனால் அதன் டைமிங் பட்டி எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது, எண்ணெய் மாற்றிய பதிவுகள் முழுமையாக இல்லாத காரை நான் தொடமாட்டேன். மிட்சுபிஷி லான்சர் இஎக்ஸின் தோற்றம் அதே லான்சரின் வேக வகையான எவோவை நினைவூட்டும், ஓட்டம் நினைவூட்டாது. டொயோட்டா அல்டெஸா ஆர்எஸ்200, 210 குதிரைவலுவும் ஆறு கைக் கியரும் பின்சக்கர உந்துகையும் கொண்ட அருமையான கார். உற்பத்தி 2005உடன் முடிந்துவிட்டதால் இன்று அது சேகரிப்பாளரின் பொருள், தினமும் பாடசாலை வாசலில் நிறுத்துவதற்கு உரியதல்ல.

இனி நமது ஊருக்கே உரிய பரிசோதனை: உப்பு. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரையை ஒட்டி நின்ற கார், வாடைக் காற்றில் வந்த ஈரத்தைப் பல வருடங்களாகக் குடித்திருக்கும். பொலிஷ் போட்ட மேற்பரப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்யமுடியாது. கதவைத் திறந்து, அதன் அடிவிளிம்பில் தகடு மடிக்கப்பட்ட இடத்தை விரல் நுனியால் தடவுங்கள். பெயின்ற் கொப்புளம் போல எழும்பியிருந்தால் உள்ளே துரு வேலை செய்கிறது. அங்கே நீர் வடியும் சிறு துளைகள் மண்ணால் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு சாமான் பெட்டியின் தரைவிரிப்பைத் தூக்கி, சக்கரக் கிண்ணத்தின் அடியில் ஈரம் தேங்கிய அடையாளம் தேடவேண்டும். காரை உயர்த்தியதும் முதலில் பார்க்கவேண்டியவை பிறேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்கள். அவற்றில் துரு செதிலாகக் கழன்றால் விலை பேசுவதற்கு முன் அந்த வேலையைக் கணக்கில் சேர்க்கவேண்டும். இந்தக் காரணத்தால், ஒரே வயதும் ஒரே ஓட்டமும் உள்ள இரண்டு சிவிக்குகளில், குருநாகல் அல்லது கண்டிப் பக்கம் நின்ற காருக்குச் சிறிது கூடக் கொடுத்து எடுப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

உப்புக்கு அடுத்தது வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் ஏசியோடு நகரத்துக்குள் ஊர்ந்து போகும்போது, குளிர்நாட்டில் பிறந்த கார்களின் பிளாஸ்ரிக் கூலன்ட் இணைப்புகள் முறுகி உடைகின்றன. இரண்டு பிஎம்டபிள்யூக்களிலும் ரேடியேட்டரின் பக்கத் தொட்டி, விரிவுத் தொட்டி, குழாய் முனைகள் ஆகியவை எந்த ஆண்டு மாற்றப்பட்டன என்று கேட்டு, பற்றுச்சீட்டைப் பார்க்கவேண்டும். ஜப்பானியக் கார்கள் இரண்டும் இந்த விடயத்தில் கூடுதல் பொறுமை உள்ளவை.

பழுது பார்ப்பதற்கு யார் இருக்கிறார் என்பதே பலருடைய முடிவைத் தீர்மானிக்கும், அது நியாயமும்கூட. சிவிக்குக்கும் அக்செலாவுக்கும் வழமையான வேலைகளை நமது ஊர்க் கராஜ்களிலேயே முடித்துவிடலாம். பொருள் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும். பிஎம்டபிள்யூவுக்கும் பொருள் வரும். ஆனால் அதன் கணினியோடு பேசக்கூடிய ஸ்கேனரும், அது சொல்வதைப் பொருள்கொள்ளத் தெரிந்த பாஸ் ஒருவரும் வேண்டும். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு எல்லாம் சரி என்று காரைத் திருப்பித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கும் முன் செய்யும் ஸ்கேனை, விற்பவர் காட்டும் இடத்தில் செய்யாமல் நீங்கள் தெரிவு செய்த இடத்தில் செய்யுங்கள். குறியீடு எதுவுமே இல்லாமல் வந்தால், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஆவணங்களில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட படிவங்களோடு மட்டும் பலர் கைமாறி வந்த காரை, விலை எவ்வளவு இறங்கினாலும் எடுக்கவேண்டாம். பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே நேரில் வந்து விற்கவேண்டும். லீசிங் பாக்கி இருந்தால் அது தீர்ந்த கடிதம் கையில் வரவேண்டும்.

எது முதலாவது என்று கேட்டால், திருகோணமலையில் வாழ்ந்து, ஒரே ஒரு கார் வைத்திருக்கக்கூடிய ஒருவருக்குத் துருப்பிடிக்காத சிவிக் எஃப்டி 1.8ஐச் சொல்வேன். ஈ90 தரும் உணர்வில் கணிசமான பகுதியை அது தருகிறது, மறுநாள் காலையில் வேலைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆண்டு புதிதாகவும் உள்ளமைப்பு நேர்த்தியாகவும் இருக்கவேண்டும், வேகம் முக்கியமில்லை என்பவருக்கு அக்செலா. மாதாமாதம் கொழும்பு போய்வருகிறவர், நல்ல வேலைத்தளம் ஒன்றைத் தெரிந்தவர் எஃப்30 318ஐ எடுக்கலாம். ஈ90ஐ நான் உண்மையிலேயே விரும்புகிறேன், ஆனால் வீட்டில் இன்னொரு வாகனம் நிற்கிறவருக்கு மட்டுமே அதைச் சொல்லமுடியும்.

எதை எடுத்தாலும் கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை முதல் மாதத்துக்காக ஒதுக்கி வையுங்கள். எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பிறேக் எண்ணெய், கூலன்ட் நான்கையும் மாற்றி, தேய்ந்த புஷ்களைப் புதிதாக்கி, நான்கு டயர்களையும் ஒரே தரத்தில் போட்டு, சக்கரக் கோணம் சரிபார்த்த பிறகுதான் வாங்கிய காரின் உண்மையான ஓட்டம் தெரியவரும். டயரில் மட்டும் மலிவு பார்க்கவேண்டாம். ஈ90க்கும் சிவிக்குக்கும் பொருந்தும் 205/55 ஆர்16 அளவு இங்கு எளிதாகக் கிடைக்கிறது. அந்த அளவில் நல்ல டயர் ஒரு தொகுதி போட்டால், மாரி மழையில் நனைந்த ஏ6 வீதியில் பிறேக் பிடிக்கும் முதல் தடவையே வேறுபாடு தெரியும்.